முட்டை வாங்கும் வீடு

பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கியவள் நான்.
இப்போது முட்டை வாங்கித் தரத்தான்
எனக்குக் காசு கொடுக்கிறார்கள்.

ஹொரமாவில் முப்பதுக்கு நாற்பது மனை.
யதிராஜ், ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருப்பவர்,
முதல் நாளே சொல்லிவிட்டார்:
கரியமிலக் கணக்கு பூஜ்யம் வர வேண்டும்.
ரிப்போர்ட் வேண்டும், கையெழுத்தோடு.
வணங்கத்தக்கது என்றும்
ஒன்றுமில்லை என்றும்
ஒரே சொல்லுக்கு அர்த்தம் வைத்தவர்களை நினைத்துக்கொண்டு
அட்வான்ஸை வாங்கினேன்.

சூரியனோடுதான் முதல் பேச்சுவார்த்தை.
டிசம்பரில் எவ்வளவு தெற்கே சாய்வாய்,
ஏப்ரல் நாலு மணிக்கு
மேற்குச் சுவரை எவ்வளவு நேரம் முறைப்பாய்?
பதில்களுக்கேற்ப
மேற்கே குளியலறையை நிறுத்தினேன், அலமாரிகளை நிறுத்தினேன்,
அடி வாங்கப் பிறந்தவை போல.
மாடிப்படியை மூக்காக்கினேன்:
சூடான மூச்சு ஏறி உச்சி ஜன்னலில் வெளியேறும்,
கீழே புதிய காற்று
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்.

மழைநீர்த் தொட்டிக்குத் தோண்டிய செம்மண்ணே
அழுத்தக் கல்லாகிச் சுவரில் ஏறியது.
ஏழு சதவீதம் சிமெண்ட்.
அந்த ஏழுக்குத்தான் என் தூக்கம் போனது.

மகள் படிக்கும் அறைக்கு மட்டும் ஒரு ஏசி,
என்றார் பத்மினி யதிராஜ்.
ஜன்னலோரம் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னேன்.
"பக்கத்து வீட்டுத் தோசை வாசனை வருது."
காற்றோட்டத்துக்கு அதைவிட அத்தாட்சி
எந்த மென்பொருளும் தராது.

கூரை மேல் பதினோரு சூரியப் பலகைகள்.
வெயிலை அளக்க, தீப்பெட்டி அளவில் நான்கு வெப்பமானிகள்;
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே எழுதிக்கொள்ளும்.
அறைகளில் கட்டிவிட்டுப் போனேன், ஒரு வெள்ளிக்கிழமை.

திங்களன்று,
இருபத்தேழு என்றது ஒன்று.
இருபத்தேழரை. இருபத்தெட்டு.
நான்காவது சொன்னது
ஞாயிறு மதியம் இரண்டு நாற்பதுக்கு
நாற்பத்துமூன்று.

கருவி கெட்டுவிட்டதென்று கம்பெனிக்கு எழுதினேன்.
நிங்கம்மா சிரித்தாள்.
யாதகிரியிலிருந்து வந்த மேஸ்திரி சாபண்ணாவின் மனைவி.
பச்சை விளக்கு கண் சிமிட்டுவது பிடித்துப்போய்
அவள் மூத்தவன் அதைக் கழற்றிக்கொண்டுபோய்
தங்கச்சியின் தூளிக்கு மேலே கட்டியிருக்கிறான்,
தகரக் கொட்டகைக்குள்.

கருவி சரியாகத்தான் இருந்தது.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன்.
கம்பி ஏற்றி வந்த லாரியின் டீசலுக்கு வரி இருந்தது.
ஜன்னல் கண்ணாடியின் மக்குக்குக்கூட இருந்தது.
கொட்டகைக்கு நேராக நானே தட்டியிருந்தேன்:
தற்காலிகம், சேர்க்க வேண்டாம்.
ஆறு குடும்பம்.
பதினோரு மாதத் தற்காலிகம்.

செவ்வாயன்று தகரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.
முகட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டோம்.
உடைந்த கற்களால் மேற்கே இடுப்பளவு சுவர்.
அடுத்த ஞாயிறு முப்பத்தாறு.
முப்பத்தாறில் யாரும் தூங்க முடியாது,
அதையும் எழுதி வைக்கிறேன்.

"இந்தச் சுண்ணாம்பு எந்தக் கணக்கில்?"
யதிராஜ் கேட்டார்.
புது வரி திறந்தேன்.
சுண்ணாம்பு சுட்டதிலும் கரியுண்டு;
முட்டையில் விரிசல்,
பூஜ்யத்துக்குப் பின் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் ஒரு நாலு.
அவர் அந்த நாலை வெகுநேரம் பார்த்தார்,
சர்க்கரை கூடிய ரிப்போர்ட்டைப் பார்ப்பது போல.
பிறகு, இருக்கட்டும் என்றார்.
மனசார என்று சொல்ல மாட்டேன்.

புதுமனைப் புகுவிழாவுக்கு இரண்டு நாள் முன்
கொட்டகை பிரிந்தது. அடுத்த வேலை சர்ஜாபூரில்.
லாரியில் தகரம் ஏற்றும்போது
வெள்ளைப் பக்கம் சுரண்டாமல் வையுங்களென்று
நிங்கம்மா எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று வெப்பமானிகளை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.
நான்காவதை நான் கேட்கவில்லை,
அவனும் தரவில்லை.
அந்தப் பச்சை விளக்கு இப்போது
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
எழுதிக்கொண்டிருக்கும்.